நெய்வேலிக் கரியின் இரண்டாவது பயணம்

நெய்வேலிக் கரி இரண்டு வழியில் போகிறது. ஒரு வழி நம் எல்லோருக்கும் தெரிந்தது. சுரங்கத்தில் வெட்டுகிறார்கள், கன்வேயர் பெல்ட்டில் ஏற்றுகிறார்கள், அனல்மின் நிலையத்தில் அரைத்துத் தூளாக்கிக் கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். சில நொடிகளில் எரிந்து முடிகிறது. வெட்டியெடுக்கும் கரி கிட்டத்தட்ட முழுவதும் இந்த வழியில்தான் போகிறது. இன்னொரு வழியில் போவது கைப்பிடியளவு கரி. அது ஆய்வுக்கூட மேசைக்குப் போகிறது, அமிலத்தில் கிடக்கிறது, கண்ணாடிச் சில்லில் ஏறுகிறது, ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு மாறுகிறது. அந்தக் கைப்பிடிக் கரியின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கதையை வளையமாதேவியில் தொடங்குவதுதான் நியாயம். கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் மேல் வளையமாதேவி, கீழ் வளையமாதேவி என்று இரண்டாக இருக்கும் ஊர். நெல் விளையும் ஊர். நெய்வேலியின் இரண்டாம் சுரங்கம் விரிந்துவரும் பக்கத்தில் இருப்பதால் 2023 ஜூலையில் நாடு முழுக்க அதன் பெயர் அடிபட்டது. பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம். நட்ட பயிரை அறுக்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் உழவர்கள். அதே கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றமும் கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த நாட்களில் எல்லோரும் பேசியது மேலே நின்ற பயிரைப் பற்றி. பேச வேண்டியதும் அதுதான். ஆனால் இத்தனைக்கும் காரணமாகக் கீழே கிடப்பது என்ன, அது எப்படி அங்கே வந்தது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து யாராவது சொன்னார்களா? இந்தக் கேள்வி அப்போதிலிருந்து என்னை விடவில்லை.

கீழே கிடப்பது ஒரு காடு. இன்று அலையாத்தியும் சுரபுன்னையும் பிச்சாவரத்தில் நிற்பதுபோல, கடலோரத்தை ஒட்டிய சதுப்பில் நின்ற மழைக்காடு. அதில் பனைக் குடும்பத்து மரங்கள் ஏராளம். இலையும் கிளையும் அடிமரமும் சதுப்பு நீரில் விழுந்தன. காற்றுப் புகாத அந்த நீரில் மட்குவது மெதுவாகத்தான் நடந்தது. மட்காமல் மிஞ்சியது அடுக்கடுக்காகச் சேர்ந்தது. அதன்மேல் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. பாரம் ஏற ஏற, சதுப்புக் குவியல் இறுகிப் பழுப்பு நிலக்கரி ஆனது. முழு நிலக்கரியாக முற்ற அதற்குக் காலமும் சூடும் போதவில்லை. அதனால்தான் நெய்வேலிக் கரியைப் புதிதாக வெட்டும்போது அதன் எடையில் பாதி தண்ணீர்; ஒரு கிலோவுக்கு சுமார் 2,600 கிலோ கலோரிதான் வெப்பம். மரத்தின் நார் வரிசை கண்ணுக்குத் தெரியும் துண்டுகளும் அதில் கிடைக்கும்.

மேலே கொட்டிய மணலும் களிமண்ணும் கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்ற அடுக்கு. சுரங்கக்காரர்கள் அதை மேல்மண் என்கிறார்கள். கரியைத் தொட 50 முதல் 100 மீட்டர் வரை அந்த மேல்மண்ணை அகற்ற வேண்டும். கரிக்கு அடியிலோ மணல் அடுக்கு, அதில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர்.

கரி முதலில் வெளிப்பட்டதும் தண்ணீரைத் தேடிப்போனபோதுதான். 1935-ல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது கறுப்பாக ஒரு பொருள் ஊற்றுநீரோடு மேலே வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒதுக்கித் தள்ளியிருப்பார்கள். அவர் அதை அரசின் பார்வைக்குக் கொண்டுபோனார். பிறகு நிலவியலாளர்கள் வந்தார்கள், துளையிட்டார்கள், அளந்தார்கள். 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) பதிவானது. 1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிச்சத்தைப் பார்த்தது. மறு ஆண்டே சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது.

இந்த இடைவெளியில் நடந்த ஒரு சண்டையை மட்டும் சொல்லியாக வேண்டும். கரிக்கு அடியிலிருக்கும் ஊற்றுநீரின் அழுத்தம், மேல்மண்ணின் பாரம் விலகியதும் சுரங்கத் தரையைப் பொத்துக்கொண்டு வெடித்துவிடும். சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்தால்தான் அழுத்தம் குறையும். எத்தனை கிணறு, எங்கே, எவ்வளவு இறைப்பது என்று முடிவு செய்ய சுரங்கப் பொறியாளருக்கு நீரியல் தெரிய வேண்டும், நீரியலாளருக்கு மணற்கல்லின் அடுக்கு தெரிய வேண்டும். நெய்வேலி ஒரு துறைக்காரர்களால் மட்டும் எழுந்த ஊர் அல்ல. அந்த நீர்தான் இன்று மின் நிலையத்துக்கும், பரவனாற்றுக்கும், அதன்வழி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியதற்கும் அந்த இறைப்புத்தான் காரணம் என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு. ஒரே தண்ணீர், சிலருக்கு வரவு, சிலருக்கு இழப்பு.

இனி கைப்பிடிக் கரி.

அதன் பயணம் தொடங்கும் இடத்தைத் தேடினால் லக்னோவில் போய் நிற்கும். பீர்பால் சாஹ்னி அங்கே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் தொல்தாவரவியலாளர் சீவார்டிடம் படித்துத் திரும்பியவர். செடி கொடியைப் படிப்பவருக்குக் கல்லில் என்ன வேலை என்று கேட்ட காலத்தில், தாவரப் புதைபடிமங்களைப் படிக்க வேண்டுமானால் தாவரவியலும் நிலவியலும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும் என்று வாழ்ந்து காட்டினார். லக்னோவில் நிலவியல் துறை வந்தபோது அதற்கும் அவரே தலைவர். 1936-ல் ரோத்தக்கில் ஒரு மண்மேட்டில் பழைய நாணய அச்சுகள் அவர் கண்ணில் பட்டன. அதை அகழ்வாராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் விடவில்லை. பண்டைய இந்தியாவில் நாணயம் வார்த்த முறை பற்றி அவர் எழுதிய ஆய்வு இன்றும் நாணயவியலில் மதிக்கப்படுகிறது. பாறையை நொறுக்கி, கண்ணுக்குத் தெரியாத தாவரத் துணுக்குகளை அதிலிருந்து பிரித்து, பாறையின் வயதைச் சொல்லும் வித்தையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவரும் அவரே. நம் பக்கத்துத் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்களையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். அந்த மரங்கள் கிடப்பதும் இதே கடலூர் மணற்கல்லில்தான்.

1946-ல் அவர் தொல்தாவரவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1949 ஏப்ரல் 3-ல் நேரு அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லும் சாஹ்னி புதைபடிமங்களைப் பதித்துச் செய்தது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 10-ல், அவர் இறந்துபோனார். அவர் மனைவி சாவித்திரி சாஹ்னி நிறுவனத்தைத் தோளில் சுமந்து நிலைநிறுத்தினார். ஆசிரியர் போனபிறகும் அவர் போட்ட பாதையில் மாணவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள் என்பதற்கு நெய்வேலி ஒரு சாட்சி. கரி மேலே வரத் தொடங்கிய அதே 1960-களின் தொடக்கத்தில், அந்த நிறுவனத்தின் ஜி.கே.பி. நவலே நெய்வேலிக் கரியின் மகரந்தங்களைப் பற்றி எழுதினார். கரியின் உள்ளமைப்பையும் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்னொருவர் சி.ஜி.கே. ராமானுஜம். தென்னார்க்காட்டுக் கல்மரங்களிலிருந்து தொடங்கி, நெய்வேலிக் கரியின் மகரந்தத்தை விரிவாக ஆராய்ந்தவர். பின்னாளில் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மகரந்தவியலாளர்களின் ஒரு தலைமுறையையே உருவாக்கியவர்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கரித்துண்டை உரலில் இட்டு நொறுக்குகிறார்கள். மணல் கலந்திருந்தால் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் சில நாட்கள் ஊறப்போட வேண்டும். அந்த அமிலம் கண்ணாடியையே கரைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் குடுவைதான். பிறகு நைட்ரிக் அமிலம். கரி மெல்லப் பழுப்பேறி இளகும். தண்ணீர் விட்டு விட்டுக் கழுவி அமிலத்தைப் போக்கியபின், நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஊற்றுகிறார்கள். உடனே முறுகிய டிகாக்ஷன் நிறத்தில் ஒரு கறுப்புத் திரவம் பிரிந்து வரும். அதைக் கொட்டிவிட்டு, தெளிந்த நீர் வரும்வரை மறுபடியும் மறுபடியும் கழுவி, நுண்சல்லடையில் சலித்தால் அடியில் ஒரு சிட்டிகை மண்டி மிஞ்சும். அதில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் இட்டு நுண்ணோக்கியில் வைக்கிறார்கள்.

கண்ணாடியைக் கரைக்கும் அமிலத்துக்கும் தப்பித்து, அங்கே மகரந்தத் துகள்கள் முழுதாக நிற்கின்றன. மகரந்தத்தின் வெளித்தோல் ஸ்போரோபொல்லெனின் என்ற பொருளால் ஆனது. உயிருள்ளவை உண்டாக்கும் பொருள்களில் இதைவிட உறுதியானது அரிது. இலை போனது, பூ போனது, மரம் கரியானது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை அளவுள்ள இந்தத் தோல் மட்டும் போகவில்லை. அதன்மேல் இருக்கும் முள், வலை, பள்ளம், துளை ஒவ்வொன்றும் எந்தக் குடும்பத்து மரம் என்று சொல்லும். பனைக் குடும்பத்து மகரந்தம் பலவற்றில் ஒரே ஒரு நீளப் பள்ளம், பேரீச்சங்கொட்டையில் இருப்பதுபோல. இன்று வளையமாதேவி வரப்பில் நிற்கும் தென்னையின் பூவைத் தட்டி அந்தத் தூளை நுண்ணோக்கியில் வைத்தாலும் அதே பள்ளம் தெரியும்.

மகரந்தத்தோடு கூடவே இன்னொன்றும் கிடைத்தது. 1963-ல் ராமானுஜம் தென்னார்க்காட்டுக் கரியில் இலைப்பூஞ்சைகளின் நுண்ணிய கேடய வடிவ உறுப்புகளைக் கண்டு எழுதினார். அவை உயிருள்ள இலைகளின் மேற்பரப்பில் வளரும் பூஞ்சைகள். ஈரமும் வெக்கையும் விடாது இருக்கும் காட்டில்தான் செழிக்கும். ஆக, தென்னார்க்காட்டில் அன்று எப்படி மழை பெய்தது என்பதற்கு ஒரு பூஞ்சை சாட்சி சொன்னது. சாட்சியைப் புரிந்துகொள்ளப் பூஞ்சையியல், தாவரவியல், நிலவியல், வானிலை எல்லாமே வேண்டியிருந்தது.

கரியின் வயது என்ன? பாடப்புத்தக விடை மயோசீன். அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம். ஆனால் மகரந்தங்களை மறுபடி எண்ணிப் பார்த்தவர்களில் சிலர், இது இன்னும் பழையது, இயோசீன்வரை போகும் என்று வாதிட்டிருக்கிறார்கள். ஒரு மாணவருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? வீட்டுக்குக் கொல்லைப்புறத்தில் கிடக்கும் கரியின் வயதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. விடை தெரிந்துவிட்ட கேள்வியை மனப்பாடம் செய்வது ஒன்று. பெரியவர்கள் இன்னும் முடிவுக்கு வராத கேள்விக்குள் நுழைவது வேறு.

இப்படி நுழைந்த ஒரு தமிழரைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதில்லை. நான் பேசத்தான் போகிறேன்.

கணபதி தணிகைமணி, 1938-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் முதுகலை முடித்தது 1962-ல். அங்கே அவருக்கு வழிகாட்டியது பி.ஜி.எல். சுவாமி. பேராசிரியர் சுவாமியைத் தமிழர்கள் மறந்துவிட்டார்கள், கன்னடர்கள் மறக்கவில்லை. கன்னட எழுத்தாளர் டி.வி.ஜி.யின் மகன். ஹார்வர்டில் இர்விங் பெய்லியோடு ஆய்வு செய்துவிட்டு வந்து, 1953 முதல் சென்னையில் கற்பித்தவர். மாநிலக் கல்லூரியின் முதல்வரும் ஆனவர். மாணவர்களை மலைக்காட்டுக்கு அழைத்துப்போய்ச் செடியின் முன் நிறுத்திப் பாடம் சொன்ன அனுபவங்களை 'ஹசிரு ஹொன்னு' என்ற நூலாகக் கன்னடத்தில் எழுதினார். படங்களும் அவரே வரைந்தார். 1978-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. தாவர உடற்கூறியல் ஒரு கையில், கல்வெட்டும் வரலாறும் இலக்கியமும் மறு கையில் என்று வாழ்ந்தார். தமிழ் இலக்கியத்தின் கால வரையறை பற்றி அவர் எழுதியதை ஏற்காதவர்கள் பலர், நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு தாவரவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் கண்முன் கல்வெட்டு படித்தார், ஓவியம் வரைந்தார், சண்டைக்கும் அஞ்சாமல் எழுதினார் என்பது அந்த மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய அனுமதி! துறைச் சுவரைத் தாண்டலாம் என்று யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. தாண்டுகிறவர் ஒருவர் எதிரில் நின்றால் போதும்.

அந்த மாணவர்களில் ஒருவரான தணிகைமணி புதுச்சேரிக்குப் போனார். 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் தலைவர் ழான் ஃபிலியோசா மருத்துவம் படித்த இந்தியவியல் அறிஞர். சைவ ஆகமச் சுவடிகளைச் சேர்ப்பதும் தென்னிந்தியத் தாவர வரைபடம் போடுவதும் அந்த நிறுவனத்தில் அடுத்தடுத்த அறைகளில் நடந்தன. 1960-ல் அங்கே பிலிப் கினே மகரந்தவியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். தணிகைமணி அதில் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைவரானார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு பனைக் குடும்பத்தின் மகரந்தம். 1970-ல் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் அதற்கு முனைவர் பட்டம். பனையோலைச் சுவடி ஒரு அறையில், பனையின் மகரந்தம் இன்னொரு அறையில்! உலகெங்கும் வெளிவந்த மகரந்தக் கட்டுரைகளுக்கு அவர் போட்ட அகரவரிசைக் குறிப்பேடு, இணையம் வராத காலத்தில் மகரந்தவியலாளர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த நூல்.

இவ்வளவையும் நெய்வேலிக் கரியின் கதையில் ஏன் சொல்கிறேன் என்றால், புதைந்த மகரந்தத்தை அடையாளம் காண உயிரோடிருக்கும் மகரந்தத்தின் பட்டியல் வேண்டும். கரியில் ஒரு பள்ளத்தோடு ஒரு துகள் கிடைத்தால், இன்றைய எந்தப் பனைக்கு அது உறவு என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சேமிப்பு வேண்டும். அந்தச் சேமிப்பு நெய்வேலிக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில், பல்லாயிரம் கண்ணாடிச் சில்லுகளாக வளர்ந்தது.

இன்னொன்றும் நடந்தது. 1973-ல் கராத்தினி, பிளாஸ்கோ, தணிகைமணி என்ற மூவர் ஒரு தென்னிந்திய அலையாத்திக் காட்டின் மண்ணில் கிடக்கும் மகரந்தத்தையும் அங்கே நிற்கும் மரங்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பழங்காட்டைப் படிக்கும் எவருக்கும் அடிப்படையான கேள்வி அது. சுரபுன்னை காற்றில் தூளை அள்ளி வீசும். அதே காட்டில் நிற்கும் வெண்கண்டல் மரமோ பூச்சியை நம்பியிருப்பதால் கொஞ்சம்தான் உண்டாக்கும். மண்ணில் எண்ணினால் சுரபுன்னை மட்டுமே நின்றதுபோலத் தோன்றும். இந்தக் கணக்கை உயிருள்ள காட்டில் சரிபார்த்த பிறகுதான் செத்த காட்டின் கணக்கை நம்ப முடியும். பிறகு கொலெத் திசோ பிச்சாவரத்து மண்ணைத் துளைத்தெடுத்துக் காவிரிக் கழிமுகக் காடு எப்படி மாறிவந்தது என்று மகரந்தத்தை வைத்தே எழுதினார். வளையமாதேவியிலிருந்து புவனகிரி, சிதம்பரம் வழியாகப் போனால் பிச்சாவரம். நெய்வேலிக் கரி எப்படிப் பிறந்திருக்கும் என்று பாதியாவது கண்ணால் காண ஒரு மாணவர் போக வேண்டிய தூரம் அவ்வளவுதான்.

1986 செப்டம்பர் 5. பம்பாயிலிருந்து நியூயார்க் போகும் பான் ஆம் விமானம் கராச்சியில் கடத்தப்பட்டது. அதில் தணிகைமணி இருந்தார். அன்று கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர், வயது 48. அலையாத்தி மகரந்தங்களைப் பற்றி அவர் உழைத்த நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

மறுபடி கரிக்கு வருவோம். மகரந்தவியலாளர் ஆய்வுக்கூடத்தில் கொட்டிவிட்ட அந்தக் கறுப்புத் திரவம் நினைவிருக்கிறதா? அதற்கு ஹியூமிக் அமிலம் என்று பெயர். மட்கிய தாவரத்தின் சாரம். அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஊற்றி, அதே திரவத்தைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹியூமேட் என்று வயலுக்குக் கொடுக்கிறார்கள் மண்ணியலாளர்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் நெய்வேலியின் சொந்த ஆய்வு மையத்திலும் லிக்னைட் ஹியூமிக் அமிலத்தை வைத்துப் பயிர்ச் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆக, மகரந்தம் தேடுபவர் கொட்டுவதைத்தான் மண்ணியலாளர் பிடித்து வைக்கிறார். மண்ணியலாளர் வீசும் அடிமண்டியில்தான் மகரந்தம் தேடுபவரின் பொருள் முழுவதும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்தாலும், ஒருவர் மேசையை மற்றவர் எட்டிப் பார்க்காவிட்டால் இருவரும் பாதியை வீணாக்குகிறார்கள். கொதிகலனில் மிஞ்சும் சாம்பலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சிமெண்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போன சாம்பலை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல்காரர்கள் பயிரின்மேல் தூவிப் பூச்சியைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். அந்தக் கேள்வி பூச்சியியலோடு நிற்காது. சாம்பலில் உள்ள உலோகங்கள் மண்ணில் சேருமா என்று வேதியியலாளர் பக்கத்தில் இருந்து கேட்டாக வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகிறது. நெய்வேலிக் கரியை எரிபொருளாக மட்டும் பார்த்தவர்கள் அதன் ஒரு குணத்தை மட்டுமே கண்டார்கள், அதன் வெப்பம். பாதி தண்ணீர், மீதியில் இவ்வளவு கலோரி, டன்னுக்கு இவ்வளவு விலை. அந்தக் கணக்கில் காடு இல்லை, மழை இல்லை, மேலே நின்ற வயலும் இல்லை. வயலைக் கணக்கில் சேர்க்கத் தெரியாத அறிவுதான் 2023-ல் பயிருக்குள் இயந்திரத்தை இறக்கியது. பல துறைகளை ஒன்றாகப் பார்க்கப் பழக்குவதைக் கல்லூரி விளம்பரத்துக்கான அலங்காரமாக நினைக்கக் கூடாது. நம் ஊரில் அது சோற்றுப் பிரச்சினை.

அவசரமும் இருக்கிறது. 1,400 லிட்டர் வாளிகளைச் சக்கரத்தில் கட்டிய இயந்திரம் கரி முகத்தைச் சுரண்டிக்கொண்டே போகிறது. கரி அடுக்கில் கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. அந்த வரிசை குலைந்துவிட்டால் எந்த மரம் முதலில் வந்தது, கடல் எப்போது நெருங்கியது, மழை எப்போது குறைந்தது என்று சொல்ல முடியாது. பெல்ட்டில் ஏறிய கரியில் வரிசை கிடையாது. எரிந்த பிறகு எதுவுமே கிடையாது.

அதனால் கேட்கிறேன். புதிதாகக் கரி முகம் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும், அடியிலிருந்து உச்சிவரை ஒரு நெடுக்கு மாதிரியை அடுக்கு மாறாமல் எடுத்து வைக்கட்டும் என்.எல்.சி. அதில் ஒரு பங்கு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், விருத்தாசலம், கடலூர் அரசுக் கல்லூரிகளுக்கும் போகட்டும். அந்த மாதிரியிலிருந்து தயாரான கண்ணாடிச் சில்லு ஒன்று வளையமாதேவி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வரட்டும். அமில வேலை கல்லூரி ஆய்வுக்கூடத்தோடு நிற்கட்டும்; பள்ளிப் பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தென்னம்பாளையும் போதும். செம்பருத்தி மகரந்தம் இன்னும் பெரியது, முள்முள்ளாக இருக்கும். பள்ளியிலிருக்கும் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். அங்கிருந்து தொடங்கலாம்.

இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் தாவரவியலோ வேதியியலோ நிலவியலோ கற்பிக்கும் ஆசிரியர் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், வரும் ஆண்டுத் திட்டப்பணிக்குத் துறைக்கு ஒரு தலைப்பு என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். மூன்று துறையிலிருந்தும் ஒவ்வொரு மாணவரை எடுத்து, ஒரே கரித்துண்டின் முன் உட்காரவையுங்கள். கறுப்புத் திரவத்தை ஒருவரும் அடிமண்டியை ஒருவரும் அடுக்கின் வரைபடத்தை ஒருவரும் வைத்துக்கொள்ளட்டும். அந்த மூவரில் ஒருவராவது நிலம் போன குடும்பத்துப் பிள்ளையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.